வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: வயிற்றுப் பொருமலும் மூலிகை வெந்நீரும்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் பக்கங்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயிற்றைப் பற்றியவை. மலையில் குளிர் தொடங்கிவிட்டால் வெந்நீரில் எதையாவது போட்டுக் குடிப்பது பாதி மருந்தாகவும் பாதி பழக்கமாகவும் ஆகிவிடுகிறது. ஒன்றையொன்று ஒத்த கடிதங்களைச் சேர்த்து, ஊர்ப்பெயரை மட்டும் குறிப்பிட்டு விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வாரம் முடிந்திருக்கிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். தினமும் மாலை ஆறு மணி வாக்கில் தொடங்கி ஒன்பது மணி வரை, சில நாள் பத்து மணி வரை, முகம் சிவக்கக் கால்களை மடக்கிக்கொண்டு அழுகிறான். மற்ற நேரங்களில் நன்றாகப் பால் குடிக்கிறான், எடையும் கூடியிருக்கிறது. இது மாந்தம் என்று சொல்லி, வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் என் மாமியார். சோம்பு வெந்நீரைச் சங்கில் புகட்டலாம் என்கிறார் என் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா கிரைப் வாட்டரே வாங்கி வந்து கொடுத்துவிட்டார். இவற்றில் எதைக் கொடுப்பது?
— ஓர் இளம் தாய், கோத்தகிரி

பதில்: மூன்றையும் கொடுக்க வேண்டாம் அம்மா. அவர்கள் மூவரும் சொல்வது அக்கறையினால்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஐந்து வாரக் குழந்தையின் வாய்க்குள் தாய்ப்பாலையும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தையும் தவிர வேறொன்றும் போகக் கூடாது. முதல் ஆறு மாதத்துக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

நீங்கள் விவரித்திருப்பது மருத்துவர்கள் கோலிக் என்று சொல்லும் அழுகைக்கு முழுவதும் பொருந்துகிறது. நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, வேறு நோய் எதுவும் இல்லாத குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் அழுதால் அது கோலிக் என்று 1954ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வரையறை இன்றும் சிறு மாற்றங்களோடு வழக்கில் இருக்கிறது. பிறந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று அல்லது நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடுவது இதன் இயல்பு. வயிற்றில் காற்று சேர்வதால்தான் அழுகிறான் என்று எல்லோரும் நினைப்பதற்குக் காரணம் உண்டு: வயிறு உப்பியிருக்கிறது, காற்று பிரிகிறது, அதன் பிறகு சற்று அடங்குகிறான். ஆனால் அழும் குழந்தை காற்றை விழுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், உப்பிய வயிறு பல நேரங்களில் அழுகையின் விளைவேயன்றி அதன் காரணம் அன்று.

ஐந்தாவது ஆறாவது வாரத்தில், வீடே தூக்கமின்றித் தவிக்கும் வேளையில், எந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கினாலும் பத்தாவது பன்னிரண்டாவது வாரத்துக்குள் அழுகை குறைந்துவிடும். அந்தப் பெருமை கொடுத்த மருந்துக்குப் போய்ச் சேரும். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்ற பெயரே இருக்கும் அளவுக்கு அதன் புகழ் பரவியிருப்பதில் இந்தக் கால ஒற்றுமைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து.

வசம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் எண்ணெயில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. நம் நாட்டில் விளையும் வகையில் இது மிகுதி. எலிகளுக்கு நீண்ட நாள் கொடுத்துப் பார்த்ததில் குடலில் கட்டிகள் உண்டானதால், அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டிலேயே வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தார்கள். அளவு மீறினால் கடுமையான வாந்தியும் வரும். சுட்டுக் கரியாக்கும்போது அந்த எண்ணெயில் ஒரு பகுதி போய்விடும் என்பது உண்மையாக இருக்கலாம். எவ்வளவு போயிற்று, உரைகல்லில் எத்தனை சுற்றுச் சுற்றினோம், அதில் எவ்வளவு குழந்தையின் நாக்கில் ஏறியது என்பதை அளக்க எந்த வீட்டிலும் வழியில்லை. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் சேர்த்து உரைக்கும் உரை மருந்துக்கும் இதே பதில்தான். அதிலும் ஜாதிக்காயைக் கொடுத்தால் குழந்தை அமைதியாகிறது என்று சொல்வார்கள். அந்த அமைதி மயக்கமாக இருக்கக்கூடும் என்பதே என் அச்சம். வசம்பை வளையலாகக் கோத்துக் கையில் கட்டுவதும் நம்மிடையே உண்டு. கை சூப்பும் வயது வந்ததும் அது நேராக வாய்க்குத்தான் போகும். மணி கழன்றால் தொண்டையில் சிக்கும். தயங்காமல் கழற்றிவிடுங்கள்.

சோம்பு வேறு வகை. அது குழந்தைகளின் அழுகையைக் குறைக்கிறதா என்று முறையாகவே சோதித்திருக்கிறார்கள். 1993இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், சோம்பு, கெமோமில் என்னும் சீமைச் சாமந்தி, அதிமதுரம் முதலியவை கலந்த பானத்தைக் குடித்த குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கும், மூலிகை இல்லாத இனிப்பு நீரைக் குடித்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் அழுகை அடங்கியது. இதைப் படித்துவிட்டு உங்கள் அம்மா சொன்னதே சரி என்று தோன்றலாம். ஆனால் அங்கே கொடுத்த அளவையும் பார்க்க வேண்டும்: ஒரு வேளைக்கு 150 மில்லி வரை, நாளுக்கு மூன்று வேளை வரை. ஐந்து வாரக் குழந்தை அவ்வளவு வெந்நீரைக் குடித்தால் பாலுக்கு வயிற்றில் இடம் ஏது? பால் குறைந்தால் எடை குறையும். நீர் மிகுந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். விலங்குகளில் கட்டிகளை உண்டாக்கியதாகக் கண்டறியப்பட்டு, சோம்பிலும் உள்ள எஸ்ட்ராகோல் என்ற பொருளையும், சிறு குழந்தைகளைப் பற்றிய தரவுகள் போதாமையையும் கருத்தில் கொண்டு, ஐரோப்பிய மருந்து முகமை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சோம்புத் தேநீரைப் பரிந்துரைப்பதில்லை. சங்கையும் பாலாடையையும் ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்துக் கழுவுவது நம் மலைக் குளிரில் எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பது தனிக் கேள்வி.

கிரைப் வாட்டர் 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. அன்றைய கலவையில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு சாராயமும் இருந்தது. குழந்தைகள் அமைதியானதில் வியப்பில்லை. பின்னர் சாராயத்தை நீக்கினார்கள். இன்று மிஞ்சியிருக்கும் இனிப்பும் மணமும் குழந்தையைச் சில நிமிடம் சப்புக்கொட்ட வைக்கும். அதற்கு மேல் கோலிக் அழுகையை அது தீர்க்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை.

பின் என்னதான் செய்வது என்றால், ஒரு மார்பில் முழுவதும் குடித்து முடித்த பிறகே அடுத்த மார்புக்கு மாற்றுங்கள். குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் விட வையுங்கள். அழும் வேளையில் விளக்கைக் குறைத்து, உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, வயிறு உங்கள் கையில் பதியும்படி மெல்ல நடங்கள். முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்கி மடக்கி நீட்டுவதும், தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் திசையில் இளஞ்சூடான கையால் நீவுவதும் பல குழந்தைகளுக்கு இதம் தருகின்றன. உங்கள் மாமியாரின் கைப்பழக்கம் பயன்படும் இடம் இதுதான், அதை அவரிடமே விட்டுவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று மணி நேர அழுகை எந்தத் தாயையும் நிலைகுலைய வைக்கும். பொறுக்க முடியாத கட்டத்தில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். எந்த நிலையிலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்துவிடும்.

கோலிக் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம் அல்லது சிவந்த சளி, கல்லாக இறுகிய வயிறு, பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், எடை கூடாமை ஆகியவற்றில் எது இருந்தாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் இருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவில் பேருந்து இல்லாத ஊராக இருந்தால் 108ஐ அழையுங்கள். ஐயத்தைக் கேட்டுத் தெளிவதற்கு 104 என்ற எண் இருக்கிறது.

கேள்வி: கைக்குழந்தையின் தாயாகிய நான் சோம்பு, ஓமம், வெந்தயம் போட்ட வெந்நீர் குடித்தால் பால் வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருமா? பிரசவ லேகியமும் சாப்பிடுகிறேன்.
— பண்ணைக்காடு

பதில்: மணப்பொருள்கள் சிறிதளவு பாலில் வரத்தான் செய்யும். நாளுக்கு ஒன்றிரண்டு குவளை சோம்பு வெந்நீரோ சீரக வெந்நீரோ குடிப்பதில் குற்றமில்லை. பிரசவத்துக்குப் பின் உங்களுக்கே வரும் உப்புசமும் மலச்சிக்கலும் அதனால் குறையும். பால் பெருகும் என்று நம்பிக் குடம் குடமாகக் குடிப்பதுதான் தவறு. வெளிநாட்டில் சோம்பும் அதிமதுரமும் கலந்த தேநீரை நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்துவந்த தாய்மாரின் பச்சிளங்குழந்தைகள் துவண்டு, சரியாகப் பால் குடிக்காமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், தாய்மார் அதை நிறுத்தியவுடன் தேறியதும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. லேகியத்தை வீட்டில் கிண்டியிருந்தால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வசம்பு இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் கொடைக்கானலில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். இரவு உணவுக்குப் பிறகு விருந்தினர்களுக்குச் செரிமானத்துக்கு இதமான மூலிகைத் தேநீர் கொடுக்க விரும்புகிறோம். எதை, எந்த அளவில், எப்படித் தயாரிப்பது? தேயிலைத் தூளோடு சேர்த்துக் கொதிக்க விடலாமா?
— கொடைக்கானல்

பதில்: உங்கள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. நல்ல பொருளை வாங்கி, தவறான முறையில் கொதிக்கவிட்டு, வெறும் கசப்பைக் குடிக்கும் வீடுகளையே அதிகம் பார்க்கிறேன்.

முதலில் தண்ணீர். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், கொடைக்கானலின் உயரத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலும், உதகையில் அதற்கும் சற்றுக் குறைவாகவும் கொதித்துவிடுகிறது. இலைகளுக்கும் விதைகளுக்கும் இந்தச் சூடு போதுமானது. சுக்கு போன்ற கடினமான பொருள்களுக்குத்தான் சமவெளியில் வைப்பதைவிடக் கூடுதல் நேரம் அடுப்பில் வைக்க வேண்டும். ஊற்று நீரைப் பயன்படுத்துபவர்கள் இந்த உயரத்தில் தளதளவென்று கொதித்த பிறகு மூன்று நிமிடம் விட்டு இறக்குவது நல்லது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கு அதுவே பாதுகாப்பான அளவு.

சோம்பு, சீரகம், ஓமம் ஆகிய மூன்றிலும் பயன் தருவது அவற்றின் மணமுள்ள எண்ணெய். சோம்பில் அனெத்தோல், ஓமத்தில் தைமால். இவை குடலின் தசைப் பிடிப்பைத் தளர்த்துவதால்தான் உப்பிய வயிறு இறங்குகிறது. முழு விதையாகப் போட்டால் எண்ணெய் எளிதில் வெளிவராது. முன்கூட்டியே பொடித்து வைத்தால் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் பறந்துவிடும். ஆகவே போடுவதற்குச் சற்று முன்பு அம்மியிலோ சிறு உரலிலோ லேசாக நசுக்கி, ஒரு குவளைக்கு, அதாவது 250 மில்லிக்கு, ஒரு தேக்கரண்டி சோம்பு என்ற கணக்கில் பாத்திரத்தில் போட்டு, அதன் மேல் கொதிநீரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். மூடுவது மிக முக்கியம். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் சமையலறை முழுவதும் மணக்கும். மணக்க வேண்டியது குவளைக்குள் அல்லவா. ஓமத்துக்கு அரைத் தேக்கரண்டி போதும், அதற்கு மேல் நாக்கு எரியும். புதினாவும் இதே முறைதான். ஒரு கைப்பிடி பச்சை இலையைக் கிள்ளிப் போட்டு மூடி வையுங்கள், அடுப்பில் கொதிக்க விடாதீர்கள். கோத்தகிரிப் பக்கத்தில் ரோஸ்மேரியும் தைமும் பயிரிடுகிறார்கள். தைமிலும் ஓமத்திலுள்ள அதே தைமால் இருப்பதால், விருந்தினர்களுக்கு ஓமத்தின் காரம் பிடிக்காவிட்டால் தைம் இலையைப் போட்டுக் கொடுக்கலாம்.

சுக்குக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. தட்டிய சுக்கைப் பத்துப் பதினைந்து நிமிடம் சிறுதீயில் கொதிக்க விட வேண்டும். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் ஒரு பகுதி ஷோகால் என்ற காரமான பொருளாக மாறுகிறது. பச்சை இஞ்சியைவிடச் சுக்கு தொண்டையில் சுரீரென்று இறங்குவதற்கு அதுவே காரணம். இரைப்பையிலிருந்து உணவு விரைவாகக் கீழே இறங்க இஞ்சி உதவுகிறது என்பதை மனிதர்களிடமே சோதித்துக் கண்டிருக்கிறார்கள். சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியும் இல்லை என்ற பழமொழியைப் பழனி மலைத்தொடரில் இருக்கும் உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. ஒரு பங்கு சுக்குக்கு இரண்டு பங்கு தனியா, சில மிளகு, ஓர் ஏலக்காய், சிறிது கருப்பட்டி. மிளகையும் ஏலத்தையும் தாண்டிக்குடியிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதால் நீரிழிவு உள்ள விருந்தினருக்கு அதை விட்டுவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் சுக்கையும் இஞ்சியையும் சமையலில் சேரும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தேயிலைத் தூளைச் சேர்க்க வேண்டாம். தேயிலையை வைத்து வாழும் மலைகளில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் இரவு உணவுக்குப் பிறகு தேயிலையிலுள்ள கஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும். அதன் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்தே கடுந்தேநீர் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள் என்று சொல்லி வருகிறேன். இரத்தசோகை இருப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே கணிசமான உதவி.

கேள்வி: சந்தையில் அன்னாசிப் பூ மலிவாகக் கிடைக்கிறது. சோம்பைப் போலவே மணக்கிறது. அதையே குழந்தைகளுக்கும் வெந்நீரில் போட்டுக் கொடுக்கலாமா?
— குன்னூர்

பதில்: பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடுங்கள், குழந்தைகளுக்கு வேண்டாம். மணம் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் அதிலும் அனெத்தோல் இருப்பதே. ஆனால் உணவுக்கு உரிய சீன வகையைப் பார்வைக்கு அப்படியே ஒத்த ஜப்பானிய வகை ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அனிசாட்டின் நரம்புகளைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். காய்ந்து உடைந்த நிலையில் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. இந்தப் பூவைப் போட்ட தேநீரைக் குடித்தவர்கள், கைக்குழந்தைகள் உட்பட, வலிப்பும் வாந்தியுமாக நோயுற்றதைத் தொடர்ந்து அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2003இல் பொதுமக்களை எச்சரித்தது.

கேள்வி: வயிற்று வலிக்கு நீலகிரித் தைலத்தை இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடித்தால் உடனே கேட்கும் என்று என் தாத்தா சொல்வார். உதகைக் கடைகளில் கிடைக்கும் விண்டர்கிரீன் தைலத்தையும் அப்படிக் குடிக்கலாமா?
— கேத்தி

பதில்: கூடவே கூடாது. இரண்டும் தோலின் மேல் தேய்ப்பதற்கு மட்டுமே உரியவை. நீலகிரித் தைலம் சிறு அளவில் விழுங்கப்பட்டாலே குழந்தைகளுக்கு மயக்கமும் வலிப்பும் வந்திருக்கின்றன. விண்டர்கிரீன் அதைவிடக் கொடியது. அது ஏறத்தாழ முழுவதும் மெத்தில் சாலிசிலேட் என்பதால், ஒரு தேக்கரண்டித் தைலம் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். ஒரு சிறு குழந்தையின் உயிரைப் போக்க அது போதும். நம் மாவட்டத்தில் அநேகமாக எல்லா வீடுகளிலும் இந்தப் புட்டிகள் இருக்கின்றன, அதுவும் சாமி மாடத்திலோ சன்னல் விளிம்பிலோ கைக்கெட்டும் உயரத்தில். இன்றைக்கே எடுத்து உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கைக்குழந்தையின் வயிற்றிலோ மூக்கருகிலோ இவற்றைத் தடவுவதும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 63. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சாப்பிட்டதும் நெஞ்சு எரிகிறது என்று காலையும் மாலையும் அதிமதுரமும் புதினாவும் போட்ட தேநீர் குடித்து வருகிறேன். எரிச்சல் குறையவில்லை. சமீப காலமாகக் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு மேடேறும்போது வாயு வந்து நெஞ்சை அடைக்கிறது. சற்று நின்றால் சரியாகிவிடுகிறது. என்ன மூலிகை சேர்க்கலாம்?
— கூடலூர்

பதில்: ஐயா, கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மேடு ஏறினால் நெஞ்சடைப்பு, நின்றால் நிவாரணம் என்பது வாயுவின் இயல்பு அன்று. இதயத்துக்கு இரத்தம் போதாதபோது வருவது அப்படித்தான் இருக்கும். வாயு எப்போது வேண்டுமானாலும் வரும், மேட்டைப் பார்த்து வராது. இந்தக் கடிதத்துக்கு இதழில் விடை வரும் வரை காத்திருக்காதீர்கள் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். இந்த வாரமே இ.சி.ஜி. எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வியர்வையோடு, ஓய்விலும் விடாமல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் அடைப்பு வந்தால் ஓம வாட்டர் குடித்துப் பார்ப்பதில் ஒரு நிமிடத்தையும் வீணாக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். மலையில் எல்லோருமே தினமும் மேடேறுபவர்கள் என்பதால் இந்த அறிகுறி சமவெளியைவிட இங்கே முன்கூட்டியே வெளிப்படுகிறது. அது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அதை வாயு என்று பெயரிட்டு நழுவவிடுபவர்களே அதிகம்.

இனித் தேநீர். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தைக் கூட்டும். நீங்கள் மாத்திரையால் குறைப்பதைத் தேநீரால் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள், இன்றே நிறுத்துங்கள். புதினாவும் உங்களுக்கு ஒத்துவராது. கீழ்வயிற்றுப் பிடிப்புக்கு நல்ல மருந்தாகும் அதன் மணமுள்ள எண்ணெயே, உணவுக்குழாயின் அடிவாயிலைத் தளர்த்தி அமிலத்தை மேலேறவிடுவதால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதைப் பெருக்கிவிடும். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். குடித்தே ஆக வேண்டுமென்றால் மெல்லிய சீரக வெந்நீர். விழுங்குவதில் தடை, எடை இழப்பு, கரிய மலம் இவற்றில் ஏதேனும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: திண்டுக்கல்லில் இருக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்ததும் வயிறு பலூன் போல உப்பிவிடுகிறது. தண்ணீர் சரியில்லையா?
— திண்டுக்கல்

பதில்: தண்ணீரைக் குறை சொல்லும் முன் காற்றைக் கவனியுங்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், குடலுக்குள் இருக்கும் காற்று விரிகிறது. கொடைக்கானல் உயரத்தில் அது கால் பங்குக்கும் சற்று அதிகம். கிளம்பும் முன் வயிறு நிறையப் பூரிக் கிழங்கும் சோடாவும் சாப்பிடாமல், வந்து சேர்ந்ததும் சற்று நடந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு குவளை சோம்பு வெந்நீரும் உதவும். வளைவுகளில் குமட்டல் வருபவர்கள் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு துண்டு இஞ்சியை மென்று கொள்ளலாம்.

கேள்வி: ஆறு மாதம் முடிந்த பேத்திக்குத் தேனில் குழைத்துச் சீரகப் பொடி கொடுக்கலாமா? எங்களுக்கு நல்ல மலைத்தேன் கிடைக்கிறது.
— கோத்தகிரி அருகில் ஓர் ஹட்டி (படகர் சிற்றூர்)

பதில்: ஒரு வயது முடியும் வரை தேன் வேண்டாம், பாட்டி. தேன் எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் அதில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்குள் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கிக் கைகால்களைத் தளர்த்திவிடும். சீரகத்தை நெய்யில் பொரித்துப் பொடித்து, குழைந்த பருப்புச் சோற்றில் ஒரு சிட்டிகை சேருங்கள். அந்த வயதுக்கு அது போதும்.

கேள்வி: வீட்டில் வளர்த்த புதினாவையும் ஓமவல்லியையும் காயவைத்துச் சேமிக்க நினைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரில் வெயிலே வருவதில்லை. இலை கறுத்துப் பூசணம் பிடித்துவிடுகிறது.
— குன்னூர்

பதில்: வடகிழக்குப் பருவமழை கொட்டும் உங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் காயவைக்கும் முயற்சியே வேண்டாம், தேவைப்படும்போது செடியிலிருந்து பறித்துக்கொள்ளுங்கள். ஓமவல்லி நீர்ச்சத்து மிகுந்த தடித்த இலை என்பதால் அதை எந்தக் காலத்திலும் பச்சையாகவே பயன்படுத்துவது நல்லது. புதினாவைத் தை, மாசியில் பூப்பதற்கு முன் காலையில் அறுத்து, பனி ஈரம் உலர்ந்த பிறகு சிறு கொத்துகளாகக் கட்டி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தண்டு மடங்காமல் சடக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். கண்ணாடிப் புட்டியில் அடைத்து இருட்டில் வையுங்கள். நெகிழிப் பைக்குத்தான் நம் மாவட்டத்தில் எப்படியும் இடமில்லை. ஓர் இலையில் பூசணம் தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். கொதிநீர் பூசணத்தைக் கொல்லுமே தவிர, அது விட்டுச்சென்ற நஞ்சைப் போக்காது.